42 என்பது எந்த மாவட்டம்?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பெயர் எத்தனை பட்டியல்களில் இருக்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? விதானையாரின் குடும்பப் பதிவில் ஒன்று. பிரதேச செயலகத்தின் மீள்குடியேற்றப் பட்டியலில் ஒன்று. வாக்காளர் இடாப்பு, கமநல சேவை நிலையத்தில் உர மானியப் பதிவு, பிள்ளைகளின் பாடசாலை, ஆஸ்பத்திரி, வங்கி, பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு என்று மற்றவை. வீட்டையும் வயலையும் விட்டு ஓடியவர்களுக்கு இன்னும் பல பட்டியல்கள் உண்டு. ஒவ்வொரு முகாமும் ஒவ்வொரு உதவி நிறுவனமும் தனக்கென ஒன்றை எழுதிக்கொண்டது.

முன்பு இவையெல்லாம் கொப்பிகளில் இருந்தன. ஒரு கொப்பியில் இருந்ததை இன்னொரு கொப்பிக்கு மாற்றி எழுதியவர் ஒரு மனிதர். "கி. நொச்சி" என்று கிறுக்கியிருந்தாலும் அது கிளிநொச்சி என்று அவருக்கு விளங்கும். இன்று பெரும்பாலான பட்டியல்கள் கணனியில் இருக்கின்றன. ஒரு கணனியிலிருந்து இன்னொரு கணனிக்கு எமது விபரங்கள் போகும்போது நடுவில் மாற்றி எழுதுபவரும் கணனிதான். அது எப்படி மாற்றி எழுதுகிறது, எங்கே தவறுகிறது என்பதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். எமக்கு ஏன் இந்தக் கணனிப் படிப்பு என்று ஒதுங்கிவிட வேண்டாம். வர வேண்டிய விதைநெல் வராமற்போனதற்கு இதுவே காரணமாக இருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

வயதில் மூத்தவர்கள் பள்ளியில் மடக்கை அட்டவணைப் புத்தகம் வைத்துப் படித்திருப்பீர்கள். இடப்பக்கத்தில் எண்ணைத் தேடுவோம். அதற்கு நேராக இருக்கும் பெறுமானத்தை எடுத்து எழுதுவோம். எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கணனி செய்வதும் அதுவே. ஒரு பட்டியலில் உள்ள குறியீட்டை இடது நிரலில் தேடி, வலது நிரலில் உள்ளதை மற்றப் பட்டியலுக்கு எழுதுகிறது. ஆங்கிலத்தில் இதனை 'லுக் அப் டேபிள்' என்பார்கள். நாம் ஒப்பு அட்டவணை என்று சொல்லுவோம்.

ஒரே ஆளின் விபரங்களைப் பல பட்டியல்களுக்கிடையே பொருத்தி வைப்பதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. அவற்றை அடையாள முகாமை மென்பொருள் என்கிறார்கள். பெரிய நிறுவனம் ஒன்றில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், ஆளணிப் பட்டியலில் ஒரு முறை பதிந்ததும் மின்னஞ்சல், சம்பளம், கதவு திறக்கும் அட்டை முதலிய மற்ற எல்லாவற்றிலும் அவரைச் சேர்ப்பதும், விலகியதும் நீக்குவதும் இவற்றின் வேலை. ஆளணிப் பட்டியலில் 'பகுதி 17' என்று இருப்பது மின்னஞ்சல் பட்டியலில் 'கணக்குப் பகுதி' என்று இருக்க வேண்டுமானால் நடுவில் ஓர் ஒப்பு அட்டவணை வேண்டும். ஒறக்கிள் நிறுவனத்தின் அடையாள முகாமை மென்பொருளில் இடது நிரலுக்குக் 'கோட் கீ' என்றும் வலது நிரலுக்கு 'டீகோட்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போன எம்மவர், அங்கே காணியை ஏக்கரில் சொன்னபோது ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டார்களே, அதுவும் ஒரே நிரை கொண்ட ஒப்பு அட்டவணைதான்.

இனி 42க்கு வருவோம்.

இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் இரண்டு இலக்கக் குறியீடு வைத்திருக்கிறது. கொழும்பு 11, கண்டி 21 என்று அது போகும். வட மாகாணத்தில் யாழ்ப்பாணம் 41, மன்னார் 42, வவுனியா 43, முல்லைத்தீவு 44, கிளிநொச்சி 45. உலக நாடுகளின் மாவட்டங்களுக்கும் மாகாணங்களுக்கும் குறியீடு வகுக்கும் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் பட்டியலும் ஒன்று உண்டு. வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருள்களில் இதுவே பெரும்பாலும் இருக்கும். அதில் யாழ்ப்பாணம் 41, கிளிநொச்சி 42, மன்னார் 43, வவுனியா 44, முல்லைத்தீவு 45.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யாழ்ப்பாணம் இரண்டிலும் 41. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை இரண்டிலும் 51, 52, 53. தெற்கிலும் மலையகத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. 25 மாவட்டங்களில் 21 பொருந்துகின்றன. பொருந்தாதவை நான்கே நான்கு: மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி. இடம்பெயர்ந்த மக்கள் பெருமளவில் வாழ்ந்த நான்கு மாவட்டங்கள்! இதில் யாருடைய சதியும் இல்லை. இரண்டு அலுவலகங்கள் இரண்டு ஒழுங்கில் எண்ணியதன் விளைவு இது. ஆனால் அதன் சுமையைச் சுமந்தவர்கள் எம்மவர்கள்.

2011ஆம் ஆண்டில், மீளக்குடியமர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு விதைநெல்லும் மண்வெட்டியும் கொடுப்பதற்காக ஒரு நிறுவனம் பட்டியல் கேட்டது. நாமும் எமது தொண்டர்களும் இரவிரவாக இருந்து, அரச பட்டியலிலிருந்து எடுத்த மாவட்ட இலக்கங்களோடு பெயர்களைப் பதிந்து அனுப்பினோம். அவர்களுடைய கணனி மற்றப் பட்டியலின்படி அதை வாசித்தது. அனுப்புவதற்கு முன் சரிபார்க்காமல் இல்லை. சரிபார்ப்பதற்கு எமது தொண்டர் எடுத்தவை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஐந்து. ஐந்தும் சரியாகவே இருந்தன. 41 எங்கேயும் 41தானே!

கிளிநொச்சித் தாய்மார் சிலருக்கு, உங்கள் பெயர் முல்லைத்தீவுப் பட்டியலில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று பதில் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். அங்கிருந்தவர்கள் அடையாள அட்டையின் விலாசத்தைப் பார்த்து, "நீங்கள் கிளிநொச்சி ஆட்கள் அல்லவா, இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று திருப்பி அனுப்பினார்கள். காலபோக விதைப்பு யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது அயல் வயல்களில் நெல் முளைத்துவிட்டது. அந்தத் தவறில் எமக்கும் பங்குண்டு. நாம் அனுப்பிய தாளில் இது எந்தப் பட்டியலின் இலக்கம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஐந்து நிரைகள் கொண்ட ஓர் ஒப்பு அட்டவணை போதுமாயிருந்தது.

மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. ஆகவே 1975இல் பரந்தனில் பிறந்த ஒருவரின் பிறப்புப் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருக்கும். அவருடைய இன்றைய விலாசம் கிளிநொச்சி மாவட்டம் என்று இருக்கும். இரண்டும் உண்மை. 'யாழ்ப்பாணம் என்றால் 41' என்று மட்டும் எழுதிய அட்டவணைக்கு இது தெரியாது. இவர் வேறு ஊரவர், எனவே வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடும். இப்படியான இடங்களில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற நிரலும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 1972 முதல் வழங்கப்பட்டுவரும் இந்த அட்டையின் இலக்கமே ஒரு குறியீடுதான். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு நான்கு எண்களாயிற்று. நாளும் 500உம் மாறவில்லை.

இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. அந்த நாட்கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். லீப் ஆண்டு, சாதாரண ஆண்டு என்ற பேதம் இல்லை. ஆகவே நாளிலிருந்து திகதியைக் காண்பதற்கான அட்டவணை இதுதான்: ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91, மே 121, ஜூன் 152, ஜூலை 182, ஓகஸ்ட் 213, செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, டிசம்பர் 335. அட்டையில் உள்ள நாளைவிடச் சிறியதாக இருப்பவற்றுள் மிகப் பெரியதைத் தெரிந்து கழியுங்கள். அந்த மாதமே பிறந்த மாதம், மிகுதியே திகதி.

ஓர் அட்டை 75561 என்று தொடங்குகிறது என்று வைப்போம். (முழு இலக்கத்தையும் இங்கே எழுதவில்லை. அது யாரோ ஒருவருடையதாக இருந்துவிடக் கூடும்.) 561 என்பது 500ஐவிடக் கூட. எனவே பெண். 500ஐக் கழித்தால் 61. 61இலிருந்து மார்ச்சின் 60ஐக் கழித்தால் 1. ஆகவே 1975 மார்ச் 1இல் பிறந்தவர். பிறப்புப் பத்திரமும் அப்படியே சொல்லும். ஆனால் மென்பொருள் எழுதிய இளைஞர் இந்த வழக்கத்தை அறியாமல் 1975இன் சாதாரண நாட்காட்டியை வைத்து எண்ணியிருந்தால், 61ஆம் நாள் மார்ச் 2 என்று வரும். இரண்டு திகதியும் பொருந்தவில்லை என்று கணனி அந்தப் பெண்ணைத் தள்ளி வைக்கும். பிறந்த திகதியைப் பொய்யாகச் சொன்னாள் என்ற பேச்சும் வரலாம். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிறந்தவர்களுக்கும், லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எனவேதான் சிலருக்குச் சரி, சிலருக்குப் பிழை என்று குழப்பமாகத் தெரிகிறது. ஒரு நாள் வித்தியாசம் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்த விளக்கத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய இலக்கத்தைப் பன்னிரண்டு எண்ணாக எழுத வேண்டிய இடங்களில், முன்னால் 19ஐச் சேர்த்து, ஆண்டுக்கும் நாளுக்கும் பின்னால் ஒரு 0ஐ இட்டு, கடைசி எழுத்தை விட்டுவிடுகிறார்கள். இதற்கு அட்டவணை தேவையில்லை, விதி ஒன்றே போதும். ஆனால் கவனியுங்கள். அந்த எழுத்து 'வீ' ஆகவும் இருக்கலாம், 'எக்ஸ்' ஆகவும் இருக்கலாம். விட்டுவிட்ட பிறகு எது இருந்தது என்று பன்னிரண்டு எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன வழியே திரும்பி வர முடியாத மாற்றம் இது. கணனிப் பட்டியல்களில் இப்படியான ஒரு வழிப் பாதைகள் ஏராளம்.

அவற்றுள் மிகவும் நோகச் செய்வது விவாக நிலை பற்றியது. பல படிவங்களில் நான்கு கூடுகள்தான் இருக்கும்: விவாகமாகாதவர், விவாகமானவர், விதவை, பிரிந்தவர். கணவர் காணாமற்போன ஒரு பெண் எந்தக் கூட்டில் புள்ளடி போடுவாள்? அவள் விதவை என்று எழுத மறுக்கிறாள். எழுதினால் கணவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சுகிறாள். விவாகமானவர் என்று எழுதினால், வீட்டில் ஆண் துணை உண்டு என்று உதவிப் பட்டியலில் கீழே போய்விடுகிறாள். 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி உண்டாயிற்று. சட்டம் ஒரு கூட்டைத் திறந்தது. ஆனால் பழைய நான்கு கூட்டுப் பட்டியலோடு பொருத்தும்போது, அந்த ஐந்தாவதை எதன் நேரே எழுதுவது என்று அட்டவணை எழுதுபவர் முடிவு செய்கிறார். விதவைக்கு நேரே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கணனி முறைப்பாடு செய்யாது. ஆனால் அந்தப் பெண் சொல்லாத ஒரு வார்த்தையை அவள் பெயரால் சொல்லியாகிவிட்டது. பிறகு அந்தப் பட்டியலில் யார் உண்மையில் விதவை, யார் இன்னும் காத்திருப்பவர் என்று பிரித்தெடுக்க இயலாது.

இதற்கு எமது அபிப்பிராயம் ஒன்றே. மாற்றிய சொல்லுக்குப் பக்கத்தில் அவர் முதலில் சொன்ன சொல்லையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு நிரல் கூடுதலாக வைப்பதில் பெரிய செலவில்லை.

ஆணா பெண்ணா என்பதிலும் ஏமாற்றம் உண்டு. சர்வதேச முறையில் 1 ஆண், 2 பெண், 0 தெரியாதவர், 9 பொருந்தாது. ஆனால் 0 ஆண், 1 பெண் என்று வைத்துக்கொண்ட பட்டியல்களும் உள்ளன. இரண்டாவதை முதலாவது போல வாசித்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பெண்கள் எல்லாரும் ஆண்களாவார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் அந்தப் பகுதியில் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை போகும்!

அட்டவணையில் இல்லாத ஒன்று வந்தால் கணனி என்ன செய்யும்? இதையே எல்லாவற்றிலும் முதலில் கேட்க வேண்டும். சில மென்பொருள்கள் அந்த ஆளையே விட்டுவிடும். சில 'மற்றவை' என்றோ, பட்டியலின் முதலாவது பெறுமானத்தையோ எழுதிவிடும். சில, இதை ஒரு மனிதர் பார்க்கட்டும் என்று தனியாக எடுத்து வைக்கும். மூன்றாவதே சரியானது. இரண்டாவது மிக மோசமானது. ஏனென்றால் வெறுமையாக இருப்பது கண்ணில் படும், பிழையாக நிரப்பியது கண்ணில் படாது. 42க்கு முன் ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தாலும் பல மென்பொருள்களுக்கு அது வேறு குறியீடுதான். வங்கிக் கணக்கு இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியங்களைக் கணக்குத் தாள் மென்பொருள் விழுங்கிவிடுவதும் அடிக்கடி நடப்பது.

ஊர்ப் பெயர்களுக்கு ஒப்பு அட்டவணை நல்ல உதவி. முல்லைத்தீவை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் இடது நிரலில் எழுதி, வலது நிரலில் ஒரே பெயரைப் போட்டுவிடலாம். ஆனால் ஆட்களின் பெயருக்கு இதைச் செய்யக் கூடாது. செல்வராணி என்பதை ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஞானஸ்நானப் பெயர் பிறப்புப் பத்திரத்தில் இல்லாமலும் இருக்கும். அப்படியிருந்தும், இதுவும் அதுவும் ஒரே ஆள் என்று அட்டவணையால் தீர்க்க முடியாது. ஒரே கிராமத்தில் இரண்டு செல்வராணிகள் இருப்பார்கள். அங்கே விதானையாரோ, அயலவரோ, அந்த ஆளோ வந்து சொல்ல வேண்டும்.

எமது பிள்ளைகள் பலர் இன்று செயலகங்களிலும் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் கணனியில் தரவு பதிகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது: அட்டவணையை மென்பொருளுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு தாளில் அச்சடித்து, எந்தப் பட்டியலிலிருந்து எந்தப் பட்டியலுக்கு, எந்தத் திகதியில், யார் எழுதியது என்று தலைப்பிட்டு, அந்தந்த ஊரவர் ஒருவருக்குக் காட்டுங்கள். சரிபார்க்கும்போது ஒவ்வொரு நிரைக்கும் ஓர் ஆளையாவது எடுத்துப் பாருங்கள். எமது ஐந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை நினைவில் வைத்திருங்கள்.

படிவம் நிரப்பும் பெரியவர்கள், இலக்கம் கேட்கும் இடத்திலும் பக்கத்தில் ஊரின் பெயரை எழுதிவிடுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றை வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு ஒரே பையில் வையுங்கள். பிரதி எடுக்க வசதியில்லாவிட்டால் என்ன எழுதினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், "எங்கள் பெயர் இல்லையா?" என்று மட்டும் கேட்காமல், "எந்த மாவட்டத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்" என்றும் கேளுங்கள்.

குழுவாகச் செய்து பார்க்க இரண்டு கணக்குகள். ஓர் அட்டை 68200 என்று தொடங்குகிறது. இன்னோர் அட்டை 83745 என்று தொடங்குகிறது. இவர்கள் ஆணா பெண்ணா, எந்தத் திகதியில் பிறந்தவர்கள், இருவரில் யாருடைய திகதியைச் சாதாரண நாட்காட்டி பிழையாகக் காட்டும்? முதலாமவர் 1968 ஜூலை 18இல் பிறந்த ஆண். அது லீப் ஆண்டு, ஆகவே பிழை வராது. இரண்டாமவர் 1983 செப்டெம்பர் 1இல் பிறந்த பெண். சாதாரண நாட்காட்டி அவரைச் செப்டெம்பர் 2 என்று காட்டும். முடித்ததும் அவரவர் அட்டையை எடுத்து, பிறப்புப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாதவர்கள் இருந்தால் இரண்டின் பிரதியையும் எடுத்துக்கொண்டு முதலில் விதானையாரிடம் போங்கள்.